உயரம் இரண்டு மடங்கு, எடை எட்டு மடங்கு: வடிவொத்த கன உருவங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம் பக்கம் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். அளவியல் பாடம் வந்துவிட்டால் வருடா வருடம் அதே சந்தேகங்கள்தான். சிலை வார்க்கும் ஊரான சுவாமிமலையும் பாத்திரக் கடைத் தெருவும் பக்கத்திலேயே இருப்பதால், பிள்ளைகளைக் கூப்பிட வரும் பெரியவர்களும் சிலையையும் குடத்தையும் வைத்துக் கேட்பதுண்டு. கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே போட்டிருக்கிறேன். முதல் நான்கையும் பொறுமையாகப் படித்துவிடுங்கள். மீதி எல்லாம் அவற்றின் தலையில்தான் நிற்கின்றன.

"வடிவொத்த"ன்னா என்ன சார்? ரெண்டும் கூம்பா இருந்தா போதாதா?

போதாது. ஒல்லியான ஐஸ்கிரீம் கூம்பும் அகலமான புனலும் இரண்டும் கூம்புதான், ஆனால் வடிவொத்தவை அல்ல. ஒன்றின் எல்லா நீளங்களையும் ஒரே எண்ணால் பெருக்கினால் இன்னொன்று அப்படியே வரவேண்டும். கூம்புக்கும் உருளைக்கும் சோதனை சுலபம்: ஆரம், உயரம் இரண்டின் விகிதமும் இரண்டு உருவத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆரம் 3, உயரம் 5 உள்ள உருளையும் ஆரம் 6, உயரம் 10 உள்ள உருளையும் வடிவொத்தவை. ஆரம் 6, உயரம் 5 என்றால் இல்லை.

கோளத்துக்கும் கனசதுரத்துக்கும் இந்தக் கவலையே வேண்டாம். அவற்றை வரையறுக்க ஒரே ஒரு நீளம்தான் இருப்பதால் எந்த இரண்டு கோளமும் வடிவொத்தவையே, எந்த இரண்டு கனசதுரமும் அப்படியே. பரீட்சையில் இதைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள். நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உயரம் ரெண்டு மடங்குன்னா எடையும் ரெண்டு மடங்குதானே? சிலைக் கடையில ஏன் எட்டு மடங்கு சொல்றாங்க?

கடைக்காரர் ஏமாற்றவில்லை. சுவாமிமலை ஸ்தபதிகள் வார்க்கும் வழக்கமான பஞ்சலோகச் சிலை உள்ளே கூடு இல்லாத கன வார்ப்பு. 20 செ.மீ. உயரச் சிலை 3 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். அதே சிலையை 40 செ.மீ. உயரத்தில் வார்த்தால் உயரம் மட்டுமா இரட்டிக்கிறது? தோள் அகலமும் இரட்டிக்கிறது, மார்பின் கனமும் இரட்டிக்கிறது. 2 × 2 × 2 = 8. ஆகவே 24 கிலோ.

விதி இவ்வளவுதான். நீள விகிதம் 1 : 2 என்றால் பரப்பு விகிதம் 1 : 4, கன அளவு விகிதம் 1 : 8. நீள விகிதம் 2 : 3 என்றால் 4 : 9, 8 : 27. பரப்புக்கு வர்க்கம், கன அளவுக்குக் கனம்.

உருண்டைக்கு சரி சார். நடராஜர் மாதிரி வளைஞ்சு நெளிஞ்ச உருவத்துக்கு சூத்திரமே கிடையாதே, அதுக்கும் இதே விதியா?

அதே விதிதான், சூத்திரம் தேவையே இல்லை. நடராஜரை ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள குட்டிக் கனசதுரங்களை அடுக்கிக் கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். சிலையை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் கனசதுரங்களின் எண்ணிக்கை மாறாது. ஒவ்வொன்றின் பக்கமும் இரண்டு மில்லிமீட்டர் ஆகும். ஒவ்வொன்றும் எட்டு மடங்கு இடத்தை அடைப்பதால் மொத்தமும் எட்டு மடங்கு. வளைந்த ஓரங்கள் துல்லியமாக வராதே என்றால், கனசதுரத்தை இன்னும் பொடியாக்கிக்கொள்ளுங்கள், வாதம் மாறாது. மேற்பரப்பையும் இப்படியே பொடிப்பொடிச் சதுரத் துண்டுகளாகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் நான்கு மடங்காகும்.

திருவாசி, சடை, முயலகன் எல்லாமே ஒரே எண்ணால் பெருகியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. சிற்பிகளுக்கு இது புதிதல்ல. சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலைக் கீற்று ஒன்றை நறுக்கி, அதைத் தாலக் கணக்குப்படி (முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்ட சிற்ப அளவு முறை) மடித்து, முகம் எவ்வளவு, மார்பு எவ்வளவு, முழங்கால் எவ்வளவு என்று குறித்துக்கொள்வார்கள். சிலைக்கு எத்தனை அங்குலம் என்று ஸ்கேல் வைத்துத் தேட வேண்டியதில்லை. ஓலையின் நீளம் மாறினால் எல்லா அளவும் தானே அதே விகிதத்தில் மாறும். வடிவொப்புமையை இதைவிடச் சுருக்கமாகச் செய்துகாட்டும் கருவியை நான் பார்த்ததில்லை.

கன அளவு விகிதம் கொடுத்துப் பரப்பு விகிதம் கேட்டா எங்க ஆரம்பிக்கிறது?

நேராகத் தாவாதீர்கள். எப்போதும் நீள விகிதத்துக்கு இறங்கி வந்து, அங்கிருந்து மேலே ஏறுங்கள். கன அளவுகள் 54 : 128 என்று கொடுத்திருந்தால் முதலில் சுருக்குங்கள்: 27 : 64. கனமூலம் எடுத்தால் நீள விகிதம் 3 : 4. அதை வர்க்கப்படுத்தினால் பரப்பு விகிதம் 9 : 16.

சுருக்காமலே 54-க்குக் கனமூலம் தேடி உட்கார்ந்திருப்பதுதான் இங்கே நேரத்தைத் தின்னும். பரப்பு கொடுத்துக் கன அளவு கேட்டாலும் வழி இதேதான், வர்க்கமூலம் எடுத்து இறங்க வேண்டும்.

நிறைக்கும் கன அளவு விகிதமே போட்டுடலாமா?

பொருள் ஒன்றாக இருந்தால் போடலாம். நிறை என்பது கன அளவை அடர்த்தியால் பெருக்கியது. இரண்டும் பித்தளை, அல்லது இரண்டும் கல் என்றால் அடர்த்தி அடிபட்டுப் போகும். பொருள் வேறானால் அடர்த்தி விகிதத்தையும் சேர்த்துப் பெருக்க வேண்டும்.

ஸ்தபதி முதலில் மெழுகில் சிலை செய்து, அதன்மேல் மண் பூசி, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, அந்தக் கூட்டில் உலோகத்தை ஊற்றுகிறார். மெழுகுச் சிலையும் உலோகச் சிலையும் ஒரே அளவு, நீள விகிதம் 1 : 1. ஆனாலும் குங்கிலியம் கலந்த மெழுகின் அடர்த்தி ஏறக்குறையத் தண்ணீரளவு. செம்பு கலந்த உலோகத்தின் அடர்த்தி அதைப்போல எட்டரை முதல் ஒன்பது மடங்கு. அதனால்தான் மெழுகுச் சிலையை நிறுத்துப் பார்த்தே எவ்வளவு உலோகம் உருக்க வேண்டும் என்று கணக்குப் போட முடிகிறது.

வானத்திலும் இதே கதைதான். பூமியின் விட்டம் 12,742 கி.மீ., நிலவின் விட்டம் 3,474 கி.மீ.; விகிதம் சுமார் 3.67. கனப்படுத்தினால் பூமிக்குள் 49 நிலவு அடங்கும் என்று வருகிறது. ஆனால் பூமியின் நிறை நிலவைப் போல 81 மடங்கு. பூமியின் சராசரி அடர்த்தி கன செ.மீ.க்கு 5.51 கிராம், நிலவுக்கு 3.34 கிராம். அந்த 1.65 மடங்கையும் சேர்த்துப் பெருக்கினால் 81 வந்துவிடும்.

1 மீட்டர் 100 செ.மீ.ன்னா 1 கன மீட்டர் ஏன் 100 கன செ.மீ. இல்ல?

ஒரு செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தை 100 மடங்கு பெரிதாக்கினால்தான் ஒரு மீட்டர் கனசதுரம். இரண்டாவது கேள்வியின் விதிப்படி 100 × 100 × 100 = 10,00,000 கன செ.மீ. அதாவது 1,000 லிட்டர். சதுர மீட்டருக்கு 10,000 சதுர செ.மீ. விதி தெரிந்தவர்கள்கூட அலகு மாற்றும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆரம் 10 சதவீதம் கூடினா கன அளவு 30 சதவீதம் கூடும், சரியா?

கிட்டத்தட்ட சரி, ஆனால் மதிப்பெண் கிடைக்காது. 1.1-ஐக் கனப்படுத்தினால் 1.331, ஆகவே 33.1 சதவீதம். பரப்பு 21 சதவீதம் கூடும். சதவீதத்தைப் பெருக்காமல் மடங்கைப் பெருக்கினால் குழப்பமே வராது. 50 சதவீதம் கூட்டினால் மடங்கு 1.5, கன அளவு 3.375 மடங்கு, அதாவது 237.5 சதவீத உயர்வு. 150 சதவீதம் என்று எழுதியவர் எவ்வளவு தள்ளிப் போய்விட்டார் பாருங்கள்.

மாற்றம் ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று சின்னதாக இருந்தால் மூன்றால் பெருக்குவது தோராயமாகச் செல்லும். ஆய்வகத்தில் இது உதவும்: உருண்டையின் விட்டத்தை 2 சதவீதம் கூட்டி அளந்துவிட்டால் கன அளவில் 6 சதவீதம் பிசகும்.

ஆரத்தை மட்டும் டபுள் பண்ணி உயரத்தை அப்படியே விட்டா?

அது வடிவொத்த உருவமே அல்ல, விதி அங்கே செல்லாது. உருளைக்கும் கூம்புக்கும் சூத்திரத்தில் ஆரம் வர்க்கமாக வருவதால் கன அளவு 4 மடங்காகும், 8 அல்ல. கேள்வியில் "உயரம் மாறாமல்" என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கூம்பைப் பாதி உயரத்துல வெட்டினா ரெண்டு துண்டும் பாதிப் பாதிதானே?

இல்லவே இல்லை. அடிக்கு இணையாக நடு உயரத்தில் வெட்டினால் மேலே கிடைக்கும் சின்னக் கூம்பு முழுக் கூம்போடு வடிவொத்தது, நீள விகிதம் 1 : 2. ஆகவே அதன் கன அளவு எட்டில் ஒரு பங்குதான். மீதி 7 பங்கும் கீழே மிஞ்சும் துண்டில், அதாவது இடைக்கண்டத்தில், இருக்கிறது. கூம்பு வடிவக் கோப்பையில் பாதி உயரம் சர்பத் இருந்தால் உள்ளே இருப்பது எட்டில் ஒரு பங்கு. பாதி சர்பத் வேண்டுமென்றால் 79 சதவீத உயரம் வரை ஊற்ற வேண்டும், ஏனென்றால் 0.794-ஐக் கனப்படுத்தினால்தான் 0.5 வருகிறது.

பரப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆரம் 7 செ.மீ., உயரம் 24 செ.மீ. உள்ள கூம்பை எடுங்கள். சாயுயரம் 25, வளைபரப்பு 550 ச.செ.மீ. பாதியில் வெட்டினால் மேல் துண்டின் வளைபரப்பு நாலில் ஒரு பங்கு, 137.5. கீழ் துண்டுக்கு மீதி 412.5. இதுவரை சரி. ஆனால் மொத்தப் புறப்பரப்பு கேட்டால் "முழுக் கூம்பின் 704-இல் முக்கால் பங்கு, 528" என்று எழுதிவிடுகிறார்கள். இடைக்கண்டம் கூம்போடு வடிவொத்தது அல்ல. வெட்டிய இடத்தில் புதிதாக ஒரு வட்டமும் முளைத்திருக்கிறது. வளைபரப்பு 412.5, அடிவட்டம் 154, மேல்வட்டம் 38.5, கூட்டினால் 605. மீதியைக் கழித்துக் கண்டுபிடிப்பது வளைபரப்புக்கும் கன அளவுக்கும் செல்லும், மொத்தப் புறப்பரப்புக்குச் செல்லாது.

ஆயிரம் லிட்டர் டேங்க் ஐந்நூறு லிட்டர் டேங்கைவிடக் கொஞ்சம்தான் பெருசாத் தெரியுது. ஏமாத்துறாங்களா?

வடிவம் ஒன்றாக இருந்தால் அப்படித்தான் தெரியும். கன அளவு 2 மடங்கு என்றால் நீளம் 2-இன் கனமூலம், அதாவது 1.26 மடங்கு. சின்னது ஒரு மீட்டர் உயரம் என்றால் பெரியது 1.26 மீட்டர் இருந்தாலே போதும். நம் கண் உயரத்தைத்தான் ஒப்பிடுகிறது, கொள்ளளவை அல்ல. நாலாவது கேள்வியில் சொன்ன இறங்கி ஏறும் வழிதான் இதுவும். பரப்பு 1.59 மடங்கு. சுவர்க் கனம் ஒன்றாக இருந்தால் இரண்டு மடங்கு தண்ணீர் பிடிக்க இரண்டு மடங்கு பிளாஸ்டிக் வேண்டியதில்லை.

அப்போ பித்தளைக் குடம்? பெருசு சின்னதைப் போல ரெண்டு மடங்கு உயரம், ஆனா எடை எட்டு மடங்கு வரலையே?

நல்ல கேள்வி, இதைக் கேட்பவருக்கு விதி புரிந்துவிட்டது என்று அர்த்தம். குடம் உள்ளே நிறைந்த கெட்டி உருவம் அல்ல, தகடு. அதன் எடை தகட்டின் பரப்பையும் தகட்டின் கனத்தையும் பெருக்கி வருவது. இரண்டு குடத்துக்கும் ஒரே கேஜ் தகடு போட்டிருந்தால் பரப்பு மட்டும்தான் 4 மடங்காகிறது, எடையும் 4 மடங்கோடு நிற்கும். தண்ணீர் பிடிப்பதென்னவோ 8 மடங்கு. வெளியே பார்க்க வடிவொத்ததாக இருந்தாலும், உலோகத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அவை வடிவொத்தவை அல்ல, ஏனென்றால் ஒரு நீளம், தகட்டுக் கனம், பெருகவே இல்லை.

கடையில் உண்மையில் நடப்பது இரண்டுக்கும் நடுவே. 6 லிட்டர் குடம் 1.5 கிலோ என்று வைப்போம். 12 லிட்டர் குடத்தை அதே தகட்டில் அடித்தால் 1.59 மடங்கு, ஏறக்குறைய 2.4 கிலோ. தகட்டுக் கனத்தையும் 1.26 மடங்காக்கினால் முழுசாக 3 கிலோ. எடை போட்டு விற்கும் கடையில் 12 லிட்டர் குடம் 2.4 கிலோவிலும் கிடைக்கும், 3 கிலோவிலும் கிடைக்கும். முதலாவது காசு குறைவு, சீக்கிரம் நசுங்கும். பெரிய பாத்திரம் வாங்கும்போது விளிம்பை விரலால் அழுத்திப் பார்க்கும் பெரியவர்கள் சோதிப்பது அந்தத் தகட்டுக் கனத்தைத்தான்.

எட்டு சின்ன உருண்டையை உருக்கி ஒரே உருண்டையா ஆக்கினா பரப்பு மாறாதுதானே? பொருள் அதேதானே?

பொருள் அதேதான், கன அளவும் அதேதான், பரப்பு பாதியாகிவிடும். எட்டு உருண்டை சேர்ந்தால் ஆரம் 2 மடங்கு, பரப்பு ஒரு சின்ன உருண்டையைப் போல 4 மடங்கு. முன்பு எட்டு உருண்டைக்கும் சேர்த்து 8 பங்கு பரப்பு இருந்தது. 27 உருண்டைகளை உருக்கும் கணக்கு பாடப்புத்தகங்களில் அடிக்கடி வரும்; அங்கே மொத்தப் பரப்பு மூன்றில் ஒரு பங்காகும். உருவம் பெரிதாக ஆக ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் பரப்பு குறையும். மினி இட்லி தட்டில் வைத்ததும் ஆறுவதும், உருளைக்கிழங்கைப் பொடியாக நறுக்கினால் சீக்கிரம் வேகுவதும் இதனால்தான்.

சிலை விலையிலும் இது எட்டிப்பார்க்கும். உலோகச் செலவு 8 மடங்கானால், அரம் போட்டு மெருகேற்ற வேண்டிய பரப்பு 4 மடங்குதான். கிலோ கணக்கில் பார்த்தால் சின்னச் சிலையில் கைவேலையின் பங்கு அதிகம்.

குழந்தை பிறக்கும்போது 50 செ.மீ., 3 கிலோ. 170 செ.மீ. ஆளுக்கு இந்தக் கணக்கு போட்டா தப்பா வருதே?

3.4 மடங்கு உயரம், கனம் 39.3, எடை 118 கிலோ வரும். கணக்கு தப்பில்லை, வடிவொத்தவை என்று எடுத்துக்கொண்டதுதான் தப்பு. பிறந்த குழந்தையின் தலை அதன் நீளத்தில் நாலில் ஒரு பங்கு. பெரியவர்களுக்கு ஏழில், எட்டில் ஒரு பங்கு. குழந்தையை அப்படியே பெரிதாக்கினால் கை கால் குட்டையான, உருண்டையான ராட்சதக் குழந்தைதான் கிடைக்கும், அது 118 கிலோ இருக்கத்தான் செய்யும்.

கன்னியாகுமரி வள்ளுவர் சிலை 7,000 டன்னாம். வீட்டுல வைக்கிற சின்ன மாதிரி எவ்வளவு எடை இருக்கணும்?

2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட அந்தச் சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி. எடை சுமார் 7,000 டன் என்கிறார்கள். அடிக்கு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு என்று குறைத்தால் 13.3 அங்குல மாதிரி. அது 120-இல் ஒரு பங்கு. 7,000-ஐ 120-ஆல் வகுத்து "58 டன்" என்று விடை சொன்னவர்கள் உண்டு. அலமாரி தாங்குமா என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம்.

120-ஐக் கனப்படுத்தினால் 17,28,000. எழுபது லட்சம் கிலோவை அதனால் வகுத்தால் 4 கிலோ சொச்சம். அதே கல், உள்ளே இருக்கும் வெற்றிடங்களும் அதே விகிதத்தில் என்றால்தான் இந்த விடை. கடையில் விற்கும் பொம்மை வேறு பொருளில் இருக்கும், ஐந்தாவது கேள்விக்குப் போய்விடும்.

எறும்பு தன்னைவிடப் பல மடங்கு எடை தூக்குது. அதை யானை அளவுக்குப் பெருசாக்கினா மலையைத் தூக்குமா?

தன் உடம்பையே தூக்காது. தசையின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது, அது நீளத்தின் வர்க்கமாக வளரும். உடல் எடை நீளத்தின் கனமாக வளரும். நீளத்தை 100 மடங்காக்கினால் வலிமை 10,000 மடங்கு, எடை 10,00,000 மடங்கு. எடையோடு ஒப்பிட்டால் வலிமை நூறில் ஒரு பங்காகிவிட்டது. கலிலியோ 1638-இலேயே இதை எழுதி, பெரிய விலங்கின் எலும்பு எவ்வளவு பருமனாக வேண்டும் என்று படமும் போட்டுக் காட்டினார். யானைக் கால் தூண் மாதிரி இருப்பதும் மானின் கால் குச்சியாக இருப்பதும் இதற்காகத்தான். இயற்கை பெரிய விலங்கைச் சின்ன விலங்கின் வடிவொத்த நகலாகச் செய்வதில்லை.

வீட்டுல ரெண்டு சிலை. 20 செ.மீ. சிலை 3 கிலோ, 40 செ.மீ. சிலை 15 கிலோதான். பெருசுக்குள்ள கூடா?

இரண்டாவது கேள்வியின்படி 24 கிலோ இருக்க வேண்டும், 9 கிலோ குறைகிறது. உடனே கூடு என்று முடிவு கட்டவேண்டாம். காரணம் மூன்றில் ஒன்று: உள்ளே வெற்றிடம், உலோகக் கலவை வேறு, அல்லது பெரிய சிலை உயரத்தில் மட்டும் இரட்டித்து, உடம்பும் பீடமும் மெலிந்திருக்கிறது. தராசு மட்டும் வைத்து இவற்றைப் பிரித்துச் சொல்ல முடியாது.

கொக்கித் தராசில் சிலையைத் தொங்கவிட்டு, முழுக்கத் தண்ணீரில் மூழ்கும்படி இறக்கி எடை பாருங்கள். எத்தனை கிலோ குறைகிறதோ அத்தனை லிட்டர் அதன் கன அளவு. கலவையின் அடர்த்தி லிட்டருக்கு 8.7 கிலோ என்று எடுத்தால் சின்னச் சிலை சுமார் 0.345 லிட்டர், வடிவொத்ததாக இருந்தால் பெரியது 2.76 லிட்டர். ஆகவே தண்ணீருக்குள் 15 கிலோ 12.24 ஆகக் குறைந்தால் வெளி வடிவம் சரி, அடர்த்தி 5.4 தான் வருகிறது. செம்பும் பித்தளையும் இவ்வளவு லேசாக இருக்காது, உள்ளே ஒரு லிட்டர் அளவுக்கு வெற்றிடம் இருக்கிறது. 13.28 கிலோ காட்டினால் கன அளவு 1.72 லிட்டர், அடர்த்தி 8.7; சிலை முழுசும் உலோகம்தான், ஆனால் சின்னதன் வடிவொத்த நகல் அல்ல. இறக்கும் முன் பீடத்தின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மெழுகு வைத்து அடைத்துவிடுங்கள். உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால் கூடான சிலையும் கெட்டியான சிலையைப் போலவே கணக்குக் காட்டும்.